ரெண்டு டியூப், ரெண்டு ஸ்டிக்கர்

அவளுக்கு வைத்த பேர் நல்ல பேர்தான். ஆனால் சலவைக்கூடத்தில் அதைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மைக்செட். ஆறு மிஷினும் ஒன்றாக ஓடினாலும் அதற்கு மேலே அவள் குரல் கேட்கும். மிஷின் நின்றால் சூப்பர்வைசர் கவனிக்க மாட்டார். மைக்செட் நின்றால் மட்டும் ஆபீஸ் அறையிலிருந்து தலையை நீட்டுவார். "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

நாலு ஆஸ்பத்திரித் துணி வந்து வெளுத்துப் போகிற இடம் அது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. மூட்டை பிரிக்கிற மேஜையில் என்னவெல்லாம் வரும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கத்தரிக்கோல் வரும். ஓடிக்கொண்டே ஒரு கைக்கடிகாரம் வந்தது. ஒரு தடவை யாரோ ஒரு பெரியவருடைய பல்செட் வந்தது. மைக்செட் அதை இடுக்கியில் பிடித்துத் தூக்கி, திறந்து மூடி, சூப்பர்வைசர் குரலில் பேச வைத்தாள். "யாரும்மா அது லேட்டு? அரை நாள் கட்!" அன்றைக்குப் பதினோரு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் பாவம், எங்கே பொக்கை வாயோடு தேடிக்கொண்டிருந்தாரோ.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி பூனை. நடந்தால் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது, அதனால் பூனை. அவள் மைக்செட்டுக்கு ஓரகத்தி, அதாவது புருஷனுடைய தம்பி பெண்டாட்டி. ஒரே வீடுதான். கீழே மைக்செட் குடும்பம், மாடியில் பூனை குடும்பம். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே மைக்செட்தான். பெரிய விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ரெண்டு முனை பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எட்டு வருஷமாக அதற்கு இவர்கள்தான் ஜோடி. ஒருத்தி பேசிக்கொண்டே வருவாள், இன்னொருத்தி தலையை ஆட்டிக்கொண்டே வருவாள், நடுவில் துணி அதுபாட்டுக்கு மடிந்துவிடும்.

ஒரு நாள் மதியம் ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றின கையோடு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன டியூப், ஒவ்வொன்றோடும் மெல்லிசாக நீளமாக ஒரு பிரஷ்.

"இது என்னம்மா, பால் பாட்டில் கழுவுறதா?" என்றாள் மைக்செட்.

"கழுவுறதில்ல. கண்டுபிடிக்கிறது." நர்ஸும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மடிப்பு மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "கருப்பை வாய்ல புத்துநோய் வருது இல்ல, அது இன்னைக்கு வந்து நாளைக்குப் பெருசாகிறது கிடையாது. முதல்ல ஒரு வைரஸ் போய் உட்காரும். நிறைய பேருக்கு அது தானா போயிடும். சில பேருக்குப் போகாம பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் சத்தமில்லாம கிடந்து, அந்த இடத்தை மெதுவா கெடுக்கும். கெட ஆரம்பிக்கிறப்பவே பிடிச்சிட்டா, சூடு வச்சு அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம். ரெண்டு நிமிஷம். வெட்டுறது இல்ல, பெட்ல படுக்கிறது இல்ல. பெரிய மிஷின் உள்ள ஊருக்கெல்லாம் நீங்க போக வேணாம். இந்தப் பிரஷ்ஷை நீங்களே உள்ள விட்டு அஞ்சு சுத்து சுத்தி டியூப்ல போட்டுக் குடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

பன்னிரண்டு பெண்களும் பன்னிரண்டு திசையைப் பார்த்தார்கள். ஒருத்தி மேஜையில் இல்லாத நூலைப் பிய்த்தாள். இஸ்திரி போடுகிறவள் சுவிட்சை அணைத்துவிட்டு இஸ்திரி போட்டாள்.

அந்த மௌனத்தில்தான் மைக்செட்டுக்கு வியர்த்தது. ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கூடப் பிறந்த அக்கா இதே நோயில் போனாள். இங்கே கேட்டவர்களிடம் "வயித்துல கட்டி" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த அக்கா ஒரு வருஷம் ரத்தம் போனதை யாரிடமும் சொல்லாமல் பழைய துணியை மடித்து மடித்து வைத்துச் சமாளித்தவள். கடைசி மாதத்தில் அந்த அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வாடை போகாது. தங்கச்சி போய்ப் பக்கத்தில் உட்காருவாள், கால் மணி நேரத்தில் "பஸ் போயிடும்க்கா" என்று எழுந்துவிடுவாள். அந்தப் பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டு. அக்காவுக்கும் அது தெரியும். "போ, போ, பஸ் போயிடப் போகுது" என்பாள்.

பயந்தால் வாய் அதிகம் ஓடுகிற சாதி மைக்செட். "என்னங்கடி, பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலை குனிஞ்சு நிக்கறீங்க?" என்று ஆரம்பித்துவிட்டாள். "மூணு பெத்தவ இருக்கா, நாலு பெத்தவ இருக்கா, ஒரு பிரஷ்ஷுக்கு இவ்வளவு வெட்கமா? வாங்க, எல்லாருக்கும் நான் பொறுப்பு!"

நர்ஸுக்கு அது போதும். சூப்பர்வைசர் முன்பே அனுப்பின லிஸ்டை வைத்து அச்சடித்த ஸ்டிக்கர் தாளை மைக்செட் கையில் கொடுத்தார். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஒரு பேர், ஒரு நம்பர். "நீங்கதான் லீடர். அவங்கவங்க டியூப்ல அவங்கவங்க பேர். மாறிடக் கூடாது, அது ஒண்ணுதான் முக்கியம். நான் அடுத்த தெரு செருப்புக் கம்பெனிக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மைக்செட் வெளியே நின்று முதுகைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி வர்ணனை செய்தாள். போனவள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வெளியே வந்தார்கள். முதலில் மூஞ்சி சிவந்து, அப்புறம் "அட, இவ்வளவுதானா, தலை வாரக்கூட இதைவிட நேரமாகும்" என்று. பத்துப் பேர் முடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பதினோராவதாகப் பூனை போனாள். வந்து, ஈரக் கையோடு டியூபை நீட்டினாள். "அக்கா, இந்தக் குட்டி எழுத்து எனக்குத் தெரியல. நீங்களே ஒட்டிடுங்க." சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறாள்?

கடைசியாக மைக்செட். தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அவளும் எடுத்தாள். வெளியே வந்தபோது மேஜையில் ரெண்டு டியூப், தாளில் ரெண்டு ஸ்டிக்கர்.

பிறகு எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை அவள் தனக்குத்தானே விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். கெட்ட சேதி வந்தால் பூனை பேருக்கு வரும், பூனையைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது, போய்ட்டு வா என்று விட்டுவிடுவார்கள். விஷயம் எனக்கு மட்டும் தெரிந்துவிடும், ஒருத்தர் காதுக்கும் போகாமல் ஏதாவது தூரத்து ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்ததாகச் சொல்லிக்கொண்டாள். பொய். அவ்வளவு யோசனையெல்லாம் அந்த நேரத்தில் ஓடவில்லை. அக்காவின் அறை ஞாபகம் வந்தது, கை போனது. பூனை பேர் தன்னுடைய டியூபில், தன் பேர் பூனையுடைய டியூபில். பத்து விநாடி. விரலால் நன்றாக அழுத்தி, குமிழி இல்லாமல் ஒட்டினாள்.

நர்ஸ் வந்து எண்ணிப் பார்த்து, "பன்னெண்டுக்குப் பன்னெண்டு! எந்தக் கம்பெனியிலயும் இப்படி நடக்கல" என்று அவள் தோளைத் தட்டினார். அந்தத் தோள் சாயங்காலம் வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ரெண்டு வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை நர்ஸிடமிருந்து ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் போன் வந்தது. மைக்செட்டுக்கு, "உங்களுக்கு இல்லம்மா, அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்தா போதும்." ஒரு நொடி நிஜமாகவே அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த "உங்களுக்கு" யாருக்கு என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. தலையைத் தூக்கிப் பூனையைத் தேடினாள். பூனை சுவர் ஓரம் நின்று, போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, எப்போதும் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். போனில் தலையாட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

அன்றைக்கு விரிப்பு மடிக்கும்போது, முனையோடு முனை சேர்ந்து முகத்துக்கு முகம் வந்த இடத்தில், பூனை சொன்னாள். "அக்கா, எனக்கு இருக்காம்."

மைக்செட் முனையை விட்டுவிட்டாள். வெளுத்த விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

"அடுத்த வாரம் சனிக்கிழமை வரணுமாம். அன்னைக்கே சூடு வச்சு அனுப்பிடுவாங்களாம். பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க." பூனை குனிந்து விரிப்பை எடுத்தாள். "நீங்க கூட வருவீங்க இல்லக்கா?"

பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள் என்ற கணக்கு அங்கேயே செத்தது. பார்க்கிற அன்றைக்கே வைத்தியமும் செய்துவிடுவார்கள். மைக்செட்டின் வைரஸுக்குப் பூனைக்குச் சூடு.

இது ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. பூனைக்கு மறைக்கத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் ஃபேன், மிக்ஸி ரிப்பேர் செய்கிறவன், நல்ல கைவேலைக்காரன். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவனுக்கு ஆறும். போனில் அந்த வைரஸ் பேரைத் தட்டிப் பார்த்தான். அது ஆணும் பெண்ணும் சேர்வதில் தொற்றும் என்று படித்தவன், அதற்கு மேல் படிக்கவில்லை. எல்லோரும் அந்த வரியில்தான் நிறுத்துவார்கள். நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டான். "யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

மறுநாள் பஸ்ஸில் பூனை இதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய சோப்புக்குத் தனி டப்பா வாங்கி வந்திருக்கிறான். தட்டைத் தனியாக வைத்துவிட்டான். மொட்டை மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

"நான் என்னக்கா பண்ணேன்? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமே பண்ணல." சேலை முனையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம், "உங்களை மாதிரி சுத்தமா இருந்திருந்தா எனக்கு வந்திருக்காது, இல்லக்கா?" என்றாள்.

குத்திக் காட்டுகிறவள் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். இவள் நிஜமாகக் கேட்டாள். மைக்செட் வாயைத் திறந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி. டிரைவரைப் பாரேன், பஸ்ஸை ஓட்டச் சொன்னா உருட்டிட்டுப் போறான்" என்று வந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பூனையும் மரியாதைக்குச் சிரித்தாள். மைக்செட்டுக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று மாடிப்படி ஏறினாள். கொழுந்தன் கதவைத் திறந்தான். "வாங்க அண்ணி." அவனுக்கு அண்ணி என்றால் அப்படி ஒரு மதிப்பு. அவனுக்குப் பெண் பார்த்ததே அவள்தான். "உங்க மாடிக் குழாய் ஒழுகுது போல, கீழ சொட்டுது" என்றாள். அவன் உடனே ஸ்பேனர் எடுத்துவந்து, ஒழுகாத குழாயை அரை மணி நேரம் கழற்றி மாட்டினான். அந்த அரை மணி நேரமும் அவள் பக்கத்தில் நின்று அந்தத் தனி சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ் கலர். மூடி போட்டது.

செவ்வாய் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை. ஒரு தடவை பூனையின் கையைப் பிடித்தே விட்டாள். "என்னக்கா?" என்றாள் அவள். "கை சில்லுன்னு இருக்கே, சாப்பிட்டியா?" என்று முடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் கேட்கிற குரல், ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வராமல் பத்து நாள் முக்கியது.

சனிக்கிழமை ரெண்டு பேரும் கிளினிக் போனார்கள். ஒரு அறைதான், நடுவில் திரை. திரையின் பாதி வளையம் கழன்று ஓரம் தொங்கியது. வெளியே நீள பெஞ்சு. அதில் அஞ்சாறு பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பூனை தன் சீட்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"வலிக்குமாக்கா?"

"தெரியலடி."

"நீங்க இருக்கீங்க இல்ல, பரவாயில்ல."

உள்ளேயிருந்து பூனை பேரைக் கூப்பிட்டார்கள். பூனை எழுந்தாள். மைக்செட்டும் எழுந்தாள். கூட வருகிறாள் என்று நினைத்து பூனை வழிவிட்டாள். மைக்செட் முன்னால் நுழைந்து, கதவை அவள் முகத்துக்கு நேரே சாத்தினாள்.

நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். "லீடர் அம்மா! உங்களை நான் கூப்பிடலையே?"

"அது என்னோடதும்மா."

"எது?"

"அந்த டியூப். அவ பேர் ஒட்டுனது. என்னோடதை அவ பேர்லயும், அவளோடதை என் பேர்லயும் ஒட்டிட்டேன்."

"தெரியாம மாத்திட்டீங்களா?"

இது ஒரு நல்ல வாய்ப்பு. ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், நர்ஸே அதை நம்பியிருப்பார். மைக்செட் அதைப் பார்த்தாள், கொஞ்சம் ஆசையாகவே பார்த்தாள். "இல்லம்மா. தெரிஞ்சுதான்" என்றாள்.

நர்ஸ் மாட்டின கையுறையைக் கழற்றினார். அதைக் குப்பையில் போட்டார். "இது என்ன சினிமா டிக்கெட்டா, ஆள் மாத்தி உட்கார? வெளிய உட்கார்ந்திருக்கவ உன்னை நம்பி உன் கையில குடுத்தா. நான் ஒருத்தி, மூணு வார்டு, ஒரு ஸ்கூட்டர், நானும் உன்னை நம்பிக் குடுத்தேன். இப்ப நீ வாயைத் திறக்கலன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஒண்ணுமில்லாதவளுக்குச் சூடு வச்சு அனுப்பியிருப்பேன். உன்னை அஞ்சு வருஷம் கழிச்சு வான்னு விட்டிருப்பேன். அஞ்சு வருஷத்துல அது என்னவா ஆகியிருக்கும்?"

"தெரியும்மா. எங்க அக்கா அதுலதான் போனா."

நர்ஸ் திட்ட வைத்திருந்த மிச்சத்தை விழுங்கினார். கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த பாட்டிலை நகர்த்தி வைத்தார். அப்புறம் குரல் இறங்கியது. "அப்போ பயம்தான். சரி, பயப்படாதவங்க யாரு? இன்னைக்கு உங்களைப் பார்த்துடறேன். அவங்ககிட்ட வேற டியூப் எடுத்து அனுப்பறேன், உங்க வார்த்தையை வச்சு நான் எதையும் எழுத முடியாது. ஆனா முதல்ல நீங்க போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க."

"நீங்க சொல்லிடுங்களேன்மா."

"மாட்டேன்."

கதவுக்கு வெளியே பூனை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மைக்செட் அவளைப் பெஞ்சின் ஓரத்துக்கு இழுத்துப் போனாள். உதடு அசைந்தது.

"என்னக்கா? கேக்கல."

மறுபடியும் சொன்னாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா."

"உனக்கு ஒண்ணும் இல்லடி. அது என்னோடது. ஸ்டிக்கரை நான்தான் மாத்தி ஒட்டினேன். வேணும்னேதான். எனக்கு இருந்தா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லோரும் திடீரென்று சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்தார்கள்.

பூனை சீட்டைப் பார்த்தாள். அதில் இருந்த தன் பேரைப் பார்த்தாள். "இந்தப் பத்து நாளும் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"நான் பஸ்ல அழுதப்பவும்?"

"தெரியும்டி."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூனை அடிக்கவில்லை, கத்தவில்லை. அக்கா என்றும் சொல்லவில்லை. "உள்ள போங்க, கூப்பிடறாங்க. நான் இங்கதான் இருப்பேன். முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து அவர்கிட்ட உங்க வாயால சொல்லணும். அதுக்குத்தான் இருக்கேன்" என்றாள்.

திரைக்குப் பின்னால் மைக்செட் படுத்தாள். நர்ஸ் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். இப்போ விளக்கு. இப்போ வினிகரில் நனைத்த பஞ்சு, கொஞ்சம் குளிரும். ஒரு நிமிஷம் காத்திருக்கணும், கெட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும்; தெரியாவிட்டாலும் வைரஸ் இருந்தால் சூடு வைக்கத்தான் வேணும். அந்த ஒரு நிமிஷம் மைக்செட் கூரையில் இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு, அக்காவுக்கு யாரும் இந்த ஒரு நிமிஷத்தைத் தரவில்லையே என்று நினைத்தாள். கால் மணி நேரத்தில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடின தன்னையும் நினைத்தாள்.

"இருக்கு," என்றார் நர்ஸ். "ஒரு ஓரத்துல, சின்னதா, வெள்ளைத் திட்டு. முழுசும் தெரியுது, உள்ள ஓடல. புத்துநோய் மாதிரி எதுவும் தெரியல. இன்னைக்கே எடுத்துடலாம். சம்மதமா?"

"சம்மதம்மா."

முடி காய வைக்கிற மிஷின் கைப்பிடி மாதிரி ஒன்று, முனையில் சின்னக் குமிழ். பேட்டரியில் ஓடுவது. ஒரு 'பீப்', அடிவயிற்றில் மாதவிலக்கு வலி மாதிரி ஒரு இழுப்பு, உள்ளே ஒரு சூடு. நர்ஸ் விநாடியைச் சத்தமாக எண்ணினார். இடம் மாற்றி இன்னொரு தடவை வைத்தார். அவ்வளவுதான். எழுந்து உட்காரச் சொன்னார்.

"மூணு நாலு வாரம் தண்ணி மாதிரி போகும், பயப்பட வேணாம். ஆறு வாரம் புருஷன் கூட சேரக் கூடாது. காய்ச்சலோ ரத்தமோ நிறைய இருந்தா உடனே வரணும். அடுத்த வருஷம் மறுபடி பார்க்கணும்." எழுதிக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணு. இது எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. ஒழுக்கத்தை அளக்கிற டியூப் நான் கொண்டு வரல. வீட்ல கேட்டா சொல்லுங்க."

அடுத்து பூனை உள்ளே போய், புது டியூப் கொடுத்தாள். இந்தத் தடவை ஸ்டிக்கரை அவளே ஒட்டினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒட்டினாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொழுந்தன் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஃபேனைப் பிரித்து வைத்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். மைக்செட்டின் புருஷன் கீழே வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பூனை படியின் கீழே போய் நின்றாள்.

"தம்பி," என்றாள் மைக்செட்.

"சொல்லுங்க அண்ணி."

"அவளுக்கு எதுவும் இல்ல. வந்தது எனக்கு. பயந்துபோய் என் டியூப்ல அவ பேரை ஒட்டிட்டேன்."

அவன் சிரித்தான். "அண்ணி, விளையாடாதீங்க." எத்தனை வருஷம் விளையாட்டுக் காட்டியிருக்கிறாள், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினாள். அவன் வாங்கிப் படித்தான். அவள் பேர், தேதி, செய்த வைத்தியம். சிரிப்பு மெதுவாக இறங்கியது. தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி விடுங்க அண்ணி, ஏதோ பயத்துல…" பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "அதான் ஒண்ணும் இல்லையாமே. மேல வா."

"அவங்ககிட்டயும் கேளுங்க," என்றாள் பூனை.

"என்னத்த?"

"எங்கிட்ட கேட்டீங்களே, அதை."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் முகத்தில் சோப்பு நுரையோடு, கையில் சொம்போடு, ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணிகிட்ட எப்படிடி அதைக் கேக்கறது?"

"எங்கிட்ட எப்படிக் கேட்டீங்க?"

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்கள். மைக்செட்டுக்குக் காது வரை எரிந்தது. அந்தக் கேள்வியை அவன் கேட்டுத் தொலைத்தால் தேவலாம் போல இருந்தது. "கேளுங்க தம்பி," என்றாள். "கேக்க வேண்டியது எங்கிட்டதான்."

அவன் குனிந்துகொண்டான். சுற்றி வைத்திருந்த கம்பி விரலிலிருந்து நழுவி, சுருள் சுருளாகப் படியில் இறங்கியது. அவன் அதைப் பிடிக்கவில்லை. பூனை நியாயமான நேரம் காத்திருந்தாள். அப்புறம் கம்பியை மிதிக்காமல், அவனைத் தாண்டி, மேலே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

மைக்செட்டின் புருஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "எங்கிட்டகூட ஏன் சொல்லல நீ?"

"வெட்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவளுக்கு அடிவயிறு இழுத்தது. கொழுந்தன் உட்கார்ந்திருந்த படிக்கு ரெண்டு படி கீழே மெதுவாக உட்கார்ந்தாள். அவன் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டான், யாரும் மேலே போகவில்லை. மூன்று பேரும் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.